ஆஸ்துமாவுக்கான புதிய ஊசிகளும் தடித்துப்போன மூச்சுக்குழாய்ச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பிகளை (செய்திப் புரதங்கள் வந்து பொருந்தும் இடங்களை) மறித்து ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தும் ஊசி மருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்று அம்பாசமுத்திரம் பக்கம் குடியிருக்கும் எனக்கு, அதன் பெரும்பகுதியில் உடன்பாடுதான். ஆனால், தடித்துச் சுருங்கிப்போன மூச்சுக்குழாயை இந்த ஊசிகள் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்ற பொருளில் அதில் இடம்பெற்ற கருத்தை அப்படியே விட்டுவிட முடியவில்லை. எங்கள் வட்டாரத்தில் இழுப்பு நோயோடு காலம் தள்ளுகிறவர்களில் சிலர், ‘பெரிய ஊசி வந்துவிட்டதாமே, இனி இந்தப் பம்பு எதற்கு’ என்று மருந்துக் கடைகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே, இந்த மருந்துகள் எதைச் செய்வதாக மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது, எதைச் செய்யக்கூடும் என்று நம்பப்படுகிறது என்ற இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்த் தசை இறுகுவதால் மூச்சு முட்டுகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை உள்ளிழுக்கும் பம்பை அடித்தவுடன் தணிவது அந்த இறுக்கம்தான். அதற்கு அடியில், ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடக்கும் வேறொரு மாற்றமும் உண்டு. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்து, மூச்சுக்குழாய்ச் சுவர் வழக்கத்தைவிடத் தடித்திருப்பதை ஹியூபர், கெஸ்லர் என்ற இரு மருத்துவர்கள் 1922-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார்கள். உட்படலத்துக்குக் கீழே கொலாஜன் என்ற நார்ப்பொருள் படிந்து ஒரு பட்டைபோல் தடிக்கிறது. தசை நார்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் பெருகுகின்றன. சளி சுரக்கும் செல்கள் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்காகின்றன. புதிய இரத்த நாளங்கள் முளைத்துச் சுவரை வீங்கவைக்கின்றன. இவையெல்லாம் முதியவர்களுக்கு மட்டும் வருபவை என்று கருதுவது தவறு. கடுமையான ஆஸ்துமா உள்ள பள்ளி வயதுக் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுக்கப்பட்ட சதைத் துணுக்குகளிலும் அந்தக் கொலாஜன் பட்டை தடித்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. சுவர் இப்படி மாறிவிட்டவருக்குத் தசையைத் தளர்த்தும் மருந்து எவ்வளவு கொடுத்தாலும் மூச்சு முழுமையாகத் திறப்பதில்லை. ‘முன்னெல்லாம் ரெண்டு அடி அடிச்சா சரியாயிடும், இப்போ கேக்க மாட்டேங்குது’ என்று முறையிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் இதுதான்.

இந்த மாற்றத்தைத் தூண்டுவது யார் என்ற கேள்விக்கு விடை தேடும்போதுதான் ஏற்பிகள் வருகின்றன. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவு, கரப்பான் பூச்சியின் துகள், வைரஸ், புகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூச்சுக்குழாயின் உட்படலத்தைத் தாக்கும்போது, அப்படலத்தின் செல்கள் டி.எஸ்.எல்.பி., இண்டர்லூகின்-33 போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன. அவை நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் தமக்குரிய ஏற்பிகளில் பொருந்தியதும், அச்செல்கள் இண்டர்லூகின் 4, 5, 13 என்ற அடுத்த கட்டச் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. நான்காவது, ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளை உண்டாக்கத் தூண்டுகிறது. பதின்மூன்றாவது சளிச் செல்களைப் பெருக்குவதோடு தசையை எளிதில் இறுகக் கூடியதாகவும் ஆக்குகிறது. ஐந்தாவதின் வேலை இயோசினோபில் என்ற வெள்ளணுக்களை வளர்த்துவிடுவது. இந்த வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைந்து வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் நார்ச்செல்களைத் தூண்டிக் கொலாஜனைப் படியவைக்கின்றன. ஆகவே, நோயெதிர்ப்பு ஏற்பியை மறித்தால் சுவரின் மாற்றமும் நிற்கும் என்ற எதிர்பார்ப்பு ஆதாரமற்றதன்று.

ஏற்பியை மறிக்கும் மருந்து நமக்கு முற்றிலும் புதிதும் அன்று. 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மான்டெலுகாஸ்ட் மாத்திரை, லூக்கோட்ரையீன் என்ற அழற்சிப் பொருளின் ஏற்பியைத்தான் மறிக்கிறது. லெவோசெட்ரிசின் என்ற ஒவ்வாமை மருந்தோடு சேர்த்து அது நம் ஊர் மருந்துக் கடைகளில் சளி மாத்திரையைப் போலச் சாதாரணமாக விற்கப்படுவதால், அதையும் ஏற்பி மருந்து என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த மாத்திரையால் தூக்கக் கோளாறு, எரிச்சல், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூட வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் குறிப்பேட்டில் சேர்க்கச் செய்தது. குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்குத் தங்கள் கட்டுரை இதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

புதிய ஊசிகளில் சில செய்திப் புரதத்தையே பிடித்துக்கொள்கின்றன. சில ஏற்பியைப் பிடிக்கின்றன. 2003-இல் முதலில் வந்த ஒமாலிசுமாப், இரத்தத்தில் உலவும் ஐ.ஜி.இ.யைப் பற்றிக்கொண்டு அது தன் ஏற்பியில் அமராமல் தடுக்கிறது. 2015-இல் வந்த மெபோலிசுமாப், இண்டர்லூகின்-5 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. 2017-இல் வந்த பென்ராலிசுமாப், அதே இண்டர்லூகின்-5இன் ஏற்பியில் ஒட்டிக்கொள்வதோடு நின்றுவிடாமல், அந்த ஏற்பியைத் தாங்கியிருக்கும் இயோசினோபிலை அழிக்கும்படி உடலின் கொல்லிச் செல்களை அழைக்கிறது. அதனால் இரத்தத்தில் இயோசினோபில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. 2018-இல் ஆஸ்துமாவுக்கு அனுமதிக்கப்பட்ட டுபிலுமாப், இண்டர்லூகின் 4, 13 இரண்டும் பயன்படுத்தும் பொதுவான ஏற்பித் துண்டை மறிக்கிறது. 2021 இறுதியில் வந்த டெசபெலுமாப், தொடக்கத்தில் எழும் டி.எஸ்.எல்.பி.யைப் பிடிக்கிறது.

இவற்றில் டுபிலுமாப்பின் கதை சற்று விரித்துச் சொல்லத் தக்கது. சளியும் தசை இறுக்கமும் பெரும்பாலும் இண்டர்லூகின்-13இன் வேலை என்பதால், அந்த ஒன்றை மட்டும் பிடித்தால் போதும் என்று எண்ணி லெப்ரிகிசுமாப், ட்ராலோகினுமாப் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்கினார்கள். பெரிய அளவிலான சோதனைகளில் இரண்டுமே ஆஸ்துமாவில் நம்பத்தக்க பலனைத் தரவில்லை. இரண்டு புரதங்களுக்கும் பொதுவான ஏற்பியை மறித்த டுபிலுமாப், 2018-இல் வெளியான சோதனையில் கடுமையான தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஏற்பியைக் குறிவைப்பதில் உள்ள நயம் இதில் தெரிகிறது. அதே வேளையில், எல்லா ஏற்பிகளும் இப்படிக் கைகொடுப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. கிருமிகளை அடையாளம் காணும் டோல் வகை ஏற்பிகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2011-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவற்றில் ஒன்பதாவதைத் தூண்டிவிட்டு ஒவ்வாமைப் போக்கைத் திருப்பலாம் என்று செய்யப்பட்ட முயற்சி, மிதமான, கடுமையான ஆஸ்துமாவில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இனி சுவரின் தடிமனுக்கு வருகிறேன். 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இண்டர்லூகின்-5ஐத் தடுத்தபோது உட்படலத்துக்குக் கீழே படியும் சில நார்ப் புரதங்கள் குறைந்தது சதைத் துணுக்குகளில் காணப்பட்டது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் மெபோலிசுமாப் பெற்ற நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாய்ச் சுவரின் பரப்பு ஓரளவு குறைந்திருந்தது, தாக்குதல்களும் குறைந்தன. ஆனால் அதே ஆய்வில், அவர்கள் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவிலோ, அன்றாட அறிகுறிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. டெசபெலுமாப்பைச் சோதித்த இன்னோர் ஆய்வு 2021-இல் வெளியானது. சுவருக்குள் இருந்த இயோசினோபில்கள் வெகுவாகக் குறைந்திருந்தபோதிலும், கொலாஜன் பட்டையின் தடிமனில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. மூச்சுக்குழாயை அடைத்திருந்த சளிக் கட்டிகள் குறைந்தன என்பது அதே மருந்தின் நல்ல செய்தி. மடையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். எங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயில் படிந்த வண்டல் அதனாலேயே கரைந்துவிடாது, அதைத் தூர்வாரித்தான் ஆக வேண்டும். இன்றைய ஊசிகள் மடையை அடைப்பதில் வல்லவை. தூர்வாருவதைப் பொறுத்தவரை சளியில் கொஞ்சம், சுவரில் மிகக் கொஞ்சம் என்றுதான் இதுவரையிலான சான்றுகளை வைத்துச் சொல்ல முடியும்.

இன்னொரு ஆய்வும் இந்த இடத்தில் கவனத்துக்குரியது. 2011-இல் வெளியான அந்த இங்கிலாந்து ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ள 48 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தூசிப்பூச்சி ஒவ்வாமைப் பொருளையும், மற்றொரு பிரிவினருக்கு அழற்சியை உண்டாக்காமல் தசையை மட்டும் இறுகவைக்கும் மெத்தகோலின் என்ற மருந்தையும் சில முறை சுவாசிக்கக் கொடுத்தார்கள். இயோசினோபில் கூடியது முதற்பிரிவினரிடம் மட்டும்தான்; கொலாஜன் பட்டை தடித்ததோ இரு பிரிவினரிடமும். தசை இறுகாதபடி முன்னதாகவே சால்பியூட்டமால் கொடுத்துவிட்டு மெத்தகோலின் கொடுத்தவர்களிடம் அந்தத் தடிப்பு காணப்படவில்லை. அதாவது, நோயெதிர்ப்பு ஏற்பிகள் எதையும் செய்யாதிருந்தாலும், மூச்சுக்குழாய் மீண்டும் மீண்டும் இறுகுவதே சுவரைத் தடிக்கவைக்கப் போதுமானது. இந்த முடிவு உணர்த்துவது, அறிகுறியைத் தாங்கிக்கொண்டு, ‘ராத்திரி மட்டும்தானே இழுக்கிறது’ என்று நாட்களைக் கடத்துவதே சுவருக்குத் தீங்கு என்பதைத்தான். பல ஆயிரம் ரூபாய் ஊசியை எட்டிப் பிடிக்க முடியாதவர்களும் செய்துகொள்ளக்கூடிய காரியம் இதில் இருப்பதால், ஊசியைப் பற்றிய எந்தக் கட்டுரையைவிடவும் இந்த ஓர் ஆய்வை நம் மக்களுக்குச் சொல்வது முக்கியம் என்று கருதுகிறேன்.

அழற்சியைத் தணிக்கப் பம்பு வழியாக உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து இதையெல்லாம் முழுமையாகச் சரிசெய்துவிடும் என்று நான் வாதிடவில்லை. ஓராண்டு தொடர்ந்து உயர்ந்த அளவில் எடுத்தவர்களிடம் கொலாஜன் பட்டை ஓரளவு மெலிந்தது உண்மை. ஆனால் ஆஸ்துமா வரக்கூடும் என்று கருதப்பட்ட சிறு குழந்தைகளுக்கு இரண்டாண்டு கொடுத்து நிறுத்திய சோதனையில், நிறுத்திய பிறகு நோயின் போக்கு மாறியிருக்கவில்லை. ஆனாலும், தாக்குதலையும் இறுக்கத்தையும் அன்றாடம் குறைப்பதில் அதற்கு ஈடான மலிவான மருந்து வேறில்லை. உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து வைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்ராலும் சேர்ந்த பம்பையே நிவாரணத்துக்கும் பயன்படுத்தச் சொல்கிறது. பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோட்ராலும் கலந்த அந்தப் பம்பு இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் நிலைமை எப்படி? முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள்; இரவில் அதே அறையில்தான் குழந்தைகளோடு படுக்கிறார்கள். செங்கல் சூளைப் புகை, கல்குவாரித் தூசி, பிசான அறுவடையின்போது எழும் வைக்கோல் தூசி, விறகடுப்பு ஆகியவையும் உண்டு. ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது ஈரச் சுவரில் பூஞ்சையும், பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சலும் சேர்ந்து வருகின்றன. குற்றாலத்துக்குப் போய்வந்த மறுநாளே மூச்சிறைக்கிறது என்று வருகிறவர்களை நான் வேலைபார்த்த காலத்தில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். புகையாலும் தூசியாலும் வரும் மூச்சிறைப்பில் இயோசினோபிலின் பங்கு குறைவாகவும் வேறு வெள்ளணுக்களின் பங்கு மிகுதியாகவும் இருக்கக்கூடும். நுரையீரல் அடைப்பு நோயையும் ஆஸ்துமா என்றே மருந்துச் சீட்டில் எழுதிவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களில் இயோசினோபில் மிகாதவர்களுக்கு மேற்சொன்ன ஊசிகளில் பெரும்பாலானவை பயன்படமாட்டா.

இங்கே மெபோலிசுமாப்பின் வரலாறு நமக்கு நேரடியாகப் பாடம் சொல்கிறது. மிதமான ஆஸ்துமா உள்ள 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு, இயோசினோபில் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் கொடுத்தபோது 2007-இல் வெளியான முடிவு தோல்விதான். ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் இயோசினோபில் குறையாத, திரும்பத் திரும்பத் தாக்குதலுக்கு உள்ளாகும் நோயாளிகளை மட்டும் தேர்ந்து கொடுத்த 2009-ஆம் ஆண்டின் இரண்டு ஆய்வுகளில் அதே மருந்து வென்றது. மருந்து மாறவில்லை, ஆளைத் தேர்ந்த முறை மாறியது.

அப்படித் தேர்வதற்கு முதற்படி, இயோசினோபில் எண்ணிக்கையைக் காட்டும், எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய சாதாரண இரத்தப் பரிசோதனை. மெபோலிசுமாப் தொடங்க, சிகிச்சைக்கு முன் ஒரு மைக்ரோலிட்டருக்கு 150, அல்லது முந்தைய ஓராண்டுக்குள் ஒருமுறை 300 என்ற அளவைப் பெரிய சோதனைகளில் எல்லையாக வைத்தார்கள். நம் ஊரில் அந்த எண்ணை நம்புவதற்கு முன் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, குடற்புழு. புழுத் தொற்று இருந்தாலே இயோசினோபில் ஏறும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையால் இரவில் இருமலும் இழுப்பும் வந்து, எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டும் ஒரு நோயும் உண்டு. ‘ஈஸ்னோபீலியா’ என்று நம் மக்கள் பொதுவாகச் சொல்வதில் ஆஸ்துமா, புழு, ஒவ்வாமை எல்லாம் கலந்து கிடக்கின்றன. அந்தப் புழு நோய்க்கு டை எத்தில் கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுப்பதே வழக்கமான சிகிச்சை. விலையுயர்ந்த ஊசிக்கு அங்கே வேலையில்லை. மேலும், இயோசினோபில்தான் புழுவுக்கு எதிரான நம் படை என்பதால், இவ்வகை ஊசியைத் தொடங்கும் முன் புழுத் தொற்றைக் குணப்படுத்தியாக வேண்டும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மற்றொன்று, ‘செட்டு மாத்திரை’. இழுப்பு வந்தவுடன் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ இருக்கும். அவை இயோசினோபிலை வேகமாகக் குறைத்துவிடுவதால், நான்கு நாள் செட்டு மாத்திரை தின்றுவிட்டு இரத்தம் கொடுப்பவரின் அறிக்கையில் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு அருகில் வரும். ஊசி பலனளிக்கக் கூடிய நோயாளி அந்த ஒரு தாளைக் காரணம் காட்டி விலக்கப்படுவார். வாய்வழி ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்ப விழுங்குவதால் வரும் சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், கண்புரை ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், இந்தப் பொட்டலம் விற்பனையைத் தடுப்பதே ஒரு பெரிய ஆஸ்துமா சிகிச்சைதான். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் சிலருக்கு இது கசக்கலாம்.

எனவே, தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் மாத்திரைகள் வீடு தேடி வருவதைப் போல, ஸ்டீராய்டு கலந்த பம்பும், அதைச் சரியாக உறிஞ்சப் பழக்கும் செவிலியரும் பீடித் தொழிலாளர் குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும். மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவி பாளையங்கோட்டையோடு நின்றுவிடாமல் வட்ட மருத்துவமனைகளில் அன்றாடப் புழக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இழுப்போடு முதன்முதலில் வரும் நோயாளிக்கு, நிலைமை அனுமதித்தால், ஸ்டீராய்டு கொடுக்கும் முன்பே இயோசினோபில் எண்ணிக்கையை எடுத்து, அவர் கையில் இருக்கும் நோட்டில் தேதியோடு எழுதிவிட வேண்டும். பின்னாளில் அவருக்கு ஏற்பி மருந்து தேவைப்படுமா என்று முடிவு செய்யும் வல்லுநருக்கு, அந்த ஒற்றை எண் பெரிய உதவியாக இருக்கும். ஆறு மாதம் பம்பைச் சரியான முறையில் எடுத்தும், தூசியும் புகையும் குறைந்தும், தாக்குதல் நிற்காதவர்களுக்கு அரசுச் செலவிலேயே ஊசி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் மருந்தாக அது நின்றுவிடக் கூடாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இத்தகைய மருந்தைப் பற்றி எழுதும்போது, ‘பலன் தந்தது’ என்பதோடு நிறுத்தாமல், குறைந்தது தாக்குதல்களின் எண்ணிக்கையா, கூடியது ஊதும் காற்றின் அளவா, மெலிந்தது மூச்சுக்குழாய்ச் சுவரா என்பதைக் கட்டுரையாளர் தனித்தனியே குறிப்பிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய கட்டுரையைப் படித்துவிட்டுப் பம்பை நிறுத்தியவர்கள் யாரேனும் இருந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை அதைத் தொடர வேண்டும் என்ற விளக்கத்தையும், சாரல் தொடங்குவதற்கு முன்பாக, அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.